குதிரைக்கு ஊட்டிய பொங்கல்

பாப்பா, தம்பி, இதை உங்கள் இருவருக்காகத்தான் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் பாப்பா திருத்திக்கொள். தம்பிக்கு விளங்காத இடத்தை நீயே வாசித்துச் சொல்.

போன வாரம், பாப்பா, நீ வரலாற்றுப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாய். பாண்டியர் காலத்தில் அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கின என்று ஒரு பாடம். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய்.

"அப்பா, அந்தக் குதிரைக இங்க வந்து ரொம்ப நாள் தாங்காதாம். நம்ம ஆளுக சோத்த வடிச்சுப் போட்டே கொன்னுட்டாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. வெளிநாட்டுலேருந்து வந்த ஒருத்தரு பாத்துட்டு எழுதி வச்சிருக்காராம். சிரிப்பா இருக்குல்ல?"

நான் சிரிக்கவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. நீ எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாய்.

நம் வீட்டு மாட்டுக் கொட்டத்தில் நடந்தது உங்களுக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். தம்பி அப்போது பள்ளிக்கூடமே போகவில்லை. அவனைக் கேட்டால், "அப்பா என்னையக் குதிரகிட்டருந்து புடிச்சு இழுத்து, சட்டையக் கழட்டி அடுப்புல போட்டாரு" என்று இன்றைக்கும் எல்லாரிடமும் புகார் சொல்கிறான். எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. உனக்கும் பாதிதான் தெரியும். அந்த நாட்களில் நான் எதற்கு அப்படி நடந்துகொண்டேன் என்பதை ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும்.

கோரிப்பாளையம் பாய் பெரியப்பா கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு வண்டி வாடகைக்கு விடுகிறவர். வண்டி அவருடையது. அதை ஓட்டுவதும் குதிரையைப் பராமரிப்பதும் என் பொறுப்பு. பழைய குதிரை கிழடாகிப் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் வடக்கே குஜராத்துப் பக்கம் ஒரு சந்தையில் பேசி ஒரு வெள்ளைக் குதிரை வாங்கினார். இன்னும் சில குதிரைகளோடு லாரியில் ஏற்றப்பட்டு, எத்தனையோ ஊர் கடந்து, மார்கழிக் குளிரில் அது வந்து இறங்கியது. அவர் வீடு இருக்கிற, தர்காவைச் சுற்றியுள்ள சந்துகளில் குதிரை கட்ட இடம் ஏது? அதனால் அலங்காநல்லூர் ரோட்டில் நம் ஊருக்கு ஓட்டி வந்து, நம் பசுவுக்குப் பக்கத்தில் கட்டினோம்.

அம்மா அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தாள். "வந்ததுலேருந்து யாரையும் ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்குது. வச்சதத் திங்க மாட்டேங்குது. மாப்பிள்ளை முறுக்குல்ல இது!" என்றாள்.

அதற்கு நம் பேச்சு புரியவில்லை. நான் "நகரு, நகரு" என்று தள்ளினால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பாய் பெரியப்பா வந்து உருதுவில் ரெண்டு வார்த்தை சொன்னால் உடனே காதைத் திருப்பும். "ஊரு பாசை கேக்கவும் அதுக்குக் கண்ணு கலங்குது பாருங்க" என்பாள் அம்மா. அந்தத் தை மாதமே அதற்கு வேலை காத்திருந்தது. மதுரையில் ஒரு சௌராஷ்டிரக் கல்யாணம். அப்புறம் தர்கா சந்தனக்கூடு. அதன்பிறகு அழகர்கோவில் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சாமி ஊர்வலம். நெற்றியில் கட்டுகிற பட்டையை மட்டும் மாற்றினால் போதும், முதுகு எல்லாருக்கும் பொதுதான்.

சந்தைக்காரர் போனில் பாய் பெரியப்பாவிடம் தீனி விவரம் சொல்லியிருந்தார். கொண்டைக்கடலை, தவிடு, காய்ந்த புல். வேகவைத்த சோறு மட்டும் ஆகவே ஆகாது என்றாராம். அவர் என்னிடம் சொன்னார், நான் அம்மாவிடம் சொன்னேன். ஆனால் அது எங்கள் யாருக்கும் மனசில் ஒட்டவில்லை. மாட்டுக்குக் கஞ்சியும் கழுநீரும் ஊற்றியே வளர்த்த கை நம்முடையது. சோறு ஒரு உயிருக்குக் கெடுதல் செய்யும் என்பதை எந்த மண்டையில் ஏற்றுவது? ரொட்டி தின்கிற ஊர்க்காரர், சோற்றைக் கண்டால் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

மாட்டுப் பொங்கல் வந்தது. பசுவைக் குளிப்பாட்டி, கொம்புக்குச் சாயம் பூசி, மாலை போட்டு, நான் பொங்கல் ஊட்டிக்கொண்டிருந்தேன். கொம்பில்லாத குதிரைக்கு என்ன செய்வது என்று தெரியாமல், பாப்பா, நீ அதன் நெற்றியில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டிருந்தாய். பக்கத்து வீட்டு அண்ணன் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். மறுநாள் அலங்காநல்லூர் வாடிவாசலில் அவருடைய காளை இறங்க வேண்டும். அந்தப் பெருமையில் அன்றைக்கு அவர் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னப்பா, வீட்டு மாட்டுக்குப் பொங்கலு, வந்த மாப்பிள்ளைக்குப் பட்டினியா? நல்ல மரியாத!"

அம்மாவுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. "அதுவும் நம்ம கொட்டத்துல நிக்கிற உசுருதானங்க. எல்லாத்துக்கும் குடுத்துட்டு இத மட்டும் விட்டா ஏங்கிப் போயிராது? நல்ல நாளும் அதுவுமா" என்று சர்க்கரைப் பொங்கலை வாழைப்பழத்தோடு பிசைந்து ஒரு உருண்டை நீட்டினாள்.

முதலில் முகத்தைத் திருப்பியது. வெல்லம் உதட்டில் பட்டதும் நக்கிப் பார்த்தது. அப்புறம் அம்மாவின் கையையே விடவில்லை. வந்த நாளிலிருந்து முறைத்துக்கொண்டு நின்ற குதிரை முதல் தடவையாக ஆசைப்பட்டுத் தின்றது. எனக்கே மனசு குளிர்ந்துபோய் நானும் ரெண்டு உருண்டை கொடுத்தேன். அதற்குள் தெருவில் செய்தி பரவிவிட்டது. "ஆத்தி, குதிர பொங்கல் திங்குதாம்ல!" என்று ஆளாளுக்கு இலையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கொடுக்காமல் திரும்பிப் போனவர்கள் யாரும் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன்கூடத் தன் காளைக்கு வைத்திருந்ததில் ஒரு பங்கு கொண்டுவந்து ஊட்டினார்.

மத்தியானம் சாய்ந்தபோது குதிரை முன்காலால் தரையைச் சுரண்டியது. தன் வயிற்றைத் தானே திரும்பித் திரும்பிப் பார்த்தது. படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்துப் புரண்டது. வெள்ளை உடம்பு வேர்வையில் சாம்பலாகிவிட்டது. நான் பாய் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

"என்ன குடுத்தீக?" என்றார்.

சொன்னேன். "யா அல்லா. நான் டாக்டரப் புடிச்சுட்டு வாரேன். படுக்க விடாத, நடக்க விட்டுக்கிட்டே இரு" என்றார்.

அன்றைக்குப் பார்த்து கால்நடை டாக்டர் ஒருவர்கூடச் சும்மா இல்லை. மறுநாள் இறங்குகிற காளைகளைப் பரிசோதிக்கிற வேலையில் எல்லாரும் இருந்தார்கள். பாய் பெரியப்பா அங்கேயே போய், காளைக்காரர்கள் கூட்டத்துக்குள் புகுந்து, இளவயது டாக்டரம்மா ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு தன் பைக்கின் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுவந்தார். அதுவரை நான் குதிரையைக் களத்தைச் சுற்றி நடத்திக்கொண்டே இருந்தேன். தம்பி பின்னாலேயே நடந்து, "மாப்பிள்ள, அழுவாத, மாப்பிள்ள, அழுவாத" என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

டாக்டரம்மா விலாவில் குழாய் வைத்துக் கேட்டார். "என்ன சாப்புட்டுச்சு?"

"பொங்கல், மேடம்" என்றாள் அம்மா.

"எம்புட்டு?"

அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். "தெருவே குடுத்துச்சு, மேடம்."

டாக்டரம்மா ஒரு நிமிசம் கண்ணை மூடித் திறந்தார். "மாடு மாதிரி இது அசை போடாது. வாந்தி எடுக்கவும் தெரியாது. உள்ள போனது போனதுதான், பின்வழியாத்தான் வரணும்" என்றார். பிறகு நீளமான ரப்பர் குழாயை அதன் மூக்கு வழியாக வயிற்றுக்குள் இறக்கி, எண்ணெய் ஊற்றினார். ஊசி போட்டார். நானும் பாய் பெரியப்பாவும் தலையைப் பிடித்துக்கொண்டோம். குழாயை வெளியே உருவியபோது அதோடு மஞ்சளாகக் கெட்டிச் சளி வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கையுறையை மாற்றிக்கொண்டு, தாடைக்கு அடியில் தடவிப் பார்த்தார். அங்கே எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. நான் அதுவரை அதைக் கவனிக்கவே இல்லை.

பொழுது இறங்குகிற நேரம் குதிரை சாணி போட்டது. பாய் பெரியப்பா, "அல்ஹம்துலில்லா! போட்டுருச்சு, போட்டுருச்சு!" என்று கத்தினார். வேலிக்கு அப்பால் கைதட்டினார்கள். "எங்க வீட்டுல புள்ள பொறந்தப்பகூட இப்படி யாரும் கத்தல" என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. எனக்கு அழுகை வந்தது. டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"அண்ணே, வயிறு சரியாயிரும். நான் பயப்படுறது அந்த மூக்கப் பாத்துத்தான். எத்தன நாளாச் சளி இருக்கு?"

"வந்ததுலேருந்து லேசா இருக்கு மேடம். லாரில வந்த குளிருன்னு நெனச்சோம்."

"சாதாரணத் தொண்டைக்கட்டியாவும் இருக்கலாம். குதிரைகள ஒண்ணா அடச்சுக் கொண்டுவந்தா அது வரும். ஆனா கிளாண்டர்ஸ்னு ஒரு வியாதி இருக்கு. அதுக்கும் இப்படித்தான் மூக்கு ஒழுகும். அதுவா இருந்தா குதிரைக்கு வைத்தியம் கெடையாது. ஊசி போட்டு முடிச்சு, ஆழமாப் புதைச்சுரணும். ரத்தம் எடுத்து வடக்க இருக்குற லேபுக்கு அனுப்புறேன். பதில் வர்ற வரைக்கும் அதுதான்னு நெனச்சே நடந்துக்கங்க." நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது மனுசனுக்கும் தொத்தும். பிள்ளைக யாரும் இதுகிட்டப் போனாங்களா?"

நான் திரும்பிப் பார்த்தேன். குழாய் போட்ட வலியில் தலையைத் தொங்கப் போட்டு நின்ற குதிரையின் மூக்கை, தம்பி, நீ உன் புதுப் பொங்கல் சட்டையால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாய். துடைத்துவிட்டு அதே சட்டையால் உன் மூக்கையும் துடைத்தாய்.

நான் ஓடிய வேகத்தில் வேட்டி அவிழ்ந்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் உட்கார வைத்து, தோல் சிவக்கிற அளவுக்குத் தேய்த்தேன். அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் சட்டையை அடுப்பில் போட்டாள். நீ என் மேல் போட்டுப் புகாராகச் சொல்வது இந்த இடம்தான்.

மறுநாள் காலையில் அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து மைக் சத்தம் காற்றில் வந்துகொண்டிருந்தது. ஊரே ஜல்லிக்கட்டுக்குப் போய்விட்டது. தம்பியின் நெற்றி கொதித்தது.

டவுனில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிள்ளைகள் டாக்டர் பார்த்துவிட்டு, "இப்ப எல்லாப் பிள்ளைக்கும் காய்ச்சல்தான், பயப்படாதீங்க" என்றார். நான் குதிரை விசயத்தைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அந்த வியாதியைப் பாடத்தில் படித்ததோடு சரி, நேரில் பார்த்ததில்லை என்றார். ரத்தம் எடுத்தார். "பெரும்பாலும் இது அது இல்ல. இருந்தாலும் குதிரையோட ரிசல்ட்டு வந்ததும் எனக்குச் சொல்லுங்க. காய்ச்சல் எறங்கினாலும் விட்டுறாதீங்க. மூச்சு வாங்குதா, உடம்புல கொப்புளம் கெளம்புதான்னு பாத்துக்கிட்டே இருங்க."

பாத்துக்கிட்டே இருங்க என்று சொன்னால் ஒரு தகப்பன் வேறு என்ன செய்வான்? விடிந்ததும், தம்பி, உன் சட்டையைக் கழற்றி, வெளிச்சத்தில் நிறுத்தி, முதுகு, அக்குள், கழுத்து, காதுக்குப் பின்னால் என்று விரலால் தடவிப் பார்ப்பேன். நீ கூச்சத்தில் சிரிப்பாய். ஒரு நாள் தொடையில் ஒரு சிவப்புத் தடிப்பு. கத்தி அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வந்து பார்த்து, "கொசுக்கடிங்க" என்றாள்.

பசுவைப் பிரித்துத் தெருப்பக்கம் கட்டினோம். கொரோனாவுக்கு வாங்கி மீந்த முகக்கவசமும் கையுறையும் பரணில் கிடந்தன. அவற்றைப் போட்டுக்கொண்டுதான் குதிரைக்குத் தண்ணீர் காட்டினேன். பொங்கலன்று கூட்டமாக வந்து ஊட்டிய தெரு இப்போது அந்தப் பக்கமே பார்க்கவில்லை. டீக்கடையில் எனக்கு மட்டும் காகிதக் கப். நான் கேட்கவுமில்லை, கடைக்காரர் சொல்லவுமில்லை. பக்கத்து வீட்டு அண்ணனின் காளை பிடிபடாமல் ஜெயித்து வந்திருந்தது. அதைக்கூட அவர் எங்கோ கொண்டுபோய்க் கட்டிவிட்டார். மாட்டுக்கு இது தொற்றாது என்று டாக்டரம்மா சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன்.

"டாக்டரம்மா சொல்லுவாங்க. காளைக்கு ஒண்ணுன்னா அவங்களா வந்து வாடிவாசல்ல நிப்பாங்க?" என்று கதவுக்குப் பின்னாலிருந்தே பதில் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானே என் கைகளைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன்.

பாய் பெரியப்பா மட்டும் தினமும் வந்தார். தெருமுனையில் பைக்கை நிறுத்தி, தீவனத்தையும் தம்பிக்கு ரொட்டியையும் கல்லின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். நான் போய் எடுத்துக்கொள்வேன்.

"ஏன் தள்ளி நிக்கிறீக அண்ணே, நீங்களும்தான் அதத் தொட்டீக" என்றேன் ஒரு நாள்.

"அதான் தள்ளி நிக்கிறேன். எனக்கு இருந்து உனக்கு வந்துட்டா? கொரோனா நேரத்துல எங்க தெருவத் தகரம் வச்சு அடச்சாங்கள்ல, அன்னைக்கு நீ அந்தத் தகரத்துக்கு மேல காய்கறிப் பையத் தூக்கிக் குடுத்த. இப்ப உன் தெரு. கணக்கு சரியாப் போச்சு" என்று சிரித்தார். சிரித்துவிட்டு இருமினார். அந்த இருமலை வீடு வரும் வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

அவர் ஒரு நாள் தர்காவில் ஓதி ஊதிய தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். அம்மா ஏற்கெனவே அழகர்மலைத் தீர்த்தம் வாங்கி வைத்திருந்தாள். ரெண்டையும் தம்பிக்குக் கொடுக்க வேண்டும் என்றாள். எனக்கு அதிலும் பயம். ஆறின வெந்நீர்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"சாமித் தண்ணிய வேணாம்னு சொல்லச் சொல்றீங்களா?" என்று அம்மா கேட்டாள். பிறகு அவளே பாட்டில் ரெண்டையும் ஒரே சட்டியில் ஊற்றி, அடுப்பில் வைத்து, தளதளவென்று கொதிக்க விட்டாள். ஆற்றி, டம்ளரில் ஊற்றித் தம்பிக்குக் கொடுத்தாள். "டாக்டரு சொன்னதும் ஆச்சு, அவுக ரெண்டு பேரு சொன்னதும் ஆச்சு" என்றாள். பாய் பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, "கொதிச்சா பரக்கத்து, அதான் ஆண்டவன் அருளு, ஆவியாப் போயிருமா என்ன? வீடு பூராத்தான் பரவும்" என்றார்.

இதற்கிடையில் சௌராஷ்டிரக் கல்யாண வீட்டிலிருந்து போன். பெண்ணின் அப்பா சேலை வியாபாரி. குதிரைக்கு உடம்பு சரியில்லை, கூட்டத்துக்குள் கொண்டுவர முடியாது என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "வெள்ளக் குதிரன்னு பொண்ணு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கே" என்று முனகினார். பிறகு, "அதுவும் குஜராத்துப் பக்கமிருந்து வந்ததா? எங்க ஆளுகளும் அந்தக் காலத்துல அந்த வழியாத்தான் வந்தாங்கன்னு சொல்லுவாங்க. வந்தவங்க எல்லாரும் ஒடனே தேறிருக்க மாட்டாங்க. நீங்க அதப் பாருங்க, எங்க மாப்பிள்ளை ஒரு நாளு நடந்தாத் தேஞ்சா போயிருவாரு?" என்றார்.

காய்ச்சல் இறங்கியது. ஆனால் எங்களுக்குப் பயம் இறங்கவில்லை. டாக்டர் சொன்னது காதிலேயே இருந்தது. குதிரையின் ரத்தம், அது வந்த வழியிலேயே திரும்ப வடக்கே போயிருந்தது. அங்கிருந்து ஒரு சொல் வர வேண்டும். அந்தச் சொல் வருகிறவரை நம் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. போன் அடித்தால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

டாக்டரம்மா ஒரு நாள் வந்து, "எதுக்கும் ஒரு எடம் பாத்து வைங்க அண்ணே. கெணத்துக்குத் தள்ளி இருக்கணும். அப்புறம் அந்த எடத்தத் தோண்டவோ உழவோ கூடாது" என்றார். நம்மிடம் இருப்பதே அந்தத் துண்டு நிலம்தான். என் அப்பா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம் நாம். நமக்கென்று கிடைத்த முதல் மண்ணில் எதைப் புதைக்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். கீழக் கடைசியில், வரப்போரமாக ஒரு இடத்தைக் காட்டினேன். டாக்டரம்மாவோடு வந்த உதவியாளர் சுண்ணாம்புப் பொடியால் நாலு பக்கமும் கோடு போட்டார். குழி தோண்டும் இயந்திரம் வந்தால் அடையாளம் தெரிய வேண்டுமாம்.

பாப்பா, நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து கேட்டாய். "அப்பா, இது என்ன கோடு?"

"கபடிக் கோடு."

"இம்புட்டுச் சின்னதாவா? நாலு பேரு நின்னா முட்டிக்குவாங்களே."

"சின்னப் பிள்ளைக கபடி" என்றேன்.

நீ நம்பிவிட்டாய். அடுத்த நாள் சாயந்திரம் நான் தண்ணீர் பாய்ச்சப் போனபோது, நீ உன் கூட்டாளிகளோடு அந்தக் கோட்டுக்குள் கபடி ஆடிக்கொண்டிருந்தாய். தம்பியை ஒரு மூலையில் நிறுத்தி, "நீ அவுட்டு, கோட்ட விட்டு வெளிய போ" என்று விரட்டினாய். அவன் போக மாட்டேன் என்று சுண்ணாம்பு மேலேயே உட்கார்ந்துகொண்டான். கபடி, கபடி என்று மூச்சு விடாமல் நீ பாடுகிற சத்தம் வயல் முழுக்கக் கேட்டது. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. என்ன சொல்லிக் கத்துவது? மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, ஆட்டம் முடிகிறவரை நின்றேன். அதற்குப் பிறகு நீங்கள் அங்கே போகாதபடி வரப்பில் முள்ளை வெட்டிப் போட்டேன். எதற்கு முள் போட்டேன் என்று நீ சண்டை பிடித்தாய்.

அந்த நாட்களில் எனக்கு உன் பாடமெல்லாம் தெரியாது. இப்போதுதான் யோசிக்கிறேன். அந்தக் கப்பல்களில் குதிரை மட்டுமா வந்திருக்கும்? குதிரையைப் பிடித்துக்கொண்டு ஆள் வந்திருப்பான், அவனோடு அவன் தொழுகை வந்திருக்கும், பேச்சு வந்திருக்கும், மூக்கில் சளியும் உடம்பில் காய்ச்சலும்கூட வந்திருக்கும். இங்கே இருந்தவர்கள் அந்தக் குதிரையைக் கொல்ல வேண்டுமென்று சோறு போட்டிருக்க மாட்டார்கள் பாப்பா. தங்களிடம் இருந்ததிலேயே நல்லது எதுவோ அதைத்தான் போட்டிருப்பார்கள். குதிரை செத்தபின், தன் பிள்ளையும் இருமுகிறதே என்று எவனாவது ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு ரத்தம் எடுத்து அனுப்ப இடம் கிடையாது. பதில் வராது என்று தெரிந்தே அவன் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். நான் பதில் வரும் என்று தெரிந்தே இவ்வளவு பயந்தேன்.

இடையில் குதிரையின் தாடை வீக்கம் உடைந்து சீழ் வடிந்தது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா சொல்லித் தந்தபடி, முகக்கவசத்துக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு கழுவிவிட்டேன். அது தலையை என் தோள்மேல் வைக்கப் பார்த்தது. நான் நகர்ந்துகொண்டேன். அதற்கு என்ன தெரியும்?

போன் வந்தபோது நான் வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, நெகட்டிவ்" என்றார் டாக்டரம்மா. "வெறும் தொண்டைக்கட்டிதான். மனுசங்களுக்கு இதால ஒண்ணும் இல்ல. கேக்குதா? அண்ணே?"

"கேக்குது மேடம்" என்று சொல்லிவிட்டு, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஒண்ணும் இல்லையாம்" என்றேன். அவள் போனைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியைக் கூப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. "டேய், இங்க வாடா, இங்க வா." பாய் பெரியப்பாவுக்குச் சொன்னேன். அவர் சத்தமாக அழுதார், அழுதுகொண்டே என்னைத் திட்டினார். "இனிமே ஒரு பருக்க அது வாயில பட்டுச்சு, ஒன்னையத்தான் வண்டியில பூட்டுவேன்" என்றார். ஆஸ்பத்திரிக்கும் சொல்லியாயிற்று.

அதன் பிறகு நான் வீட்டுக்குப் போகவில்லை. கீழக் கடைசிக்கு நடந்தேன். வயலில் வேறு யாரும் இல்லை. முள்ளை விலக்கிவிட்டு உள்ளே போய், சுண்ணாம்புக் கோட்டைக் காலால் தேய்த்தேன். பனியில் நனைந்து இறுகியிருந்ததால் லேசில் அழியவில்லை. மண்வெட்டியால் செதுக்கி, மண்ணைப் புரட்டிப் போட்டேன். மூன்று பக்கமும் போய்விட்டது. நாலாவது பக்கத்தில், தம்பி உட்கார்ந்த இடத்தில், வெள்ளை கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருந்தது. குனிந்து அதைக் கையால் சுரண்டி எடுத்து, ஓடுகிற வாய்க்காலில் கையைக் கழுவினேன்.